ஊமைக் கொக்கி

பெங்களூரில் நீலசந்திராவிலும் விவேக் நகரிலும் அந்த இருவரைத் தெரியாதவர்கள் குறைவு. முன்னால் ஆண் வருவார். வலது காலை இழுத்து நடப்பார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். நாலடி பின்னால் பெண். ஏதாவது ஒரு வீட்டின் முன் நின்று, "நாங்க செஞ்ச சாமான் ஒண்ணு இங்க கீது. பாத்துட்டுப் போயிடறோம்" என்பார்கள்.

உள்ளே போனதும் அவர் அலமாரியின் கீலையோ கட்டிலின் இரும்பையோ விட்டத்துக் கொக்கியையோ சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். தட்டியபின் இரும்பைப் பார்க்கமாட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையசைத்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். காபி கொடுத்தாலும் நிற்பதில்லை.

"டாக்டரு வந்துட்டாருடா, நாக்காலிக்குக் காய்ச்சலாம்" என்று தெருவில் சிரிப்பார்கள். அறுபதுகளின் தொடக்கம் வரை அது நடந்தது. ஏன் தட்டுகிறார்கள் என்று இருவரும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் பெயர் பச்சைமுத்து. அவள் அவருடைய மனைவி முத்தம்மா.

பச்சைமுத்து சிறு வயதில் கல் குவாரியில் இருந்தார். வெடி வைக்கிற இடத்தில் வேலை. அங்கே காதின் ஒரு பகுதி போயிற்று. பேச்சு கேட்கும், லாரி கேட்கும். மணி அடித்தால் அடி கேட்கும், அதன் முனகல் கேட்காது. மெல்லிய ஓசைகள் அவருக்கு உலகத்தில் இல்லை. இதை அவர் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

நாற்பத்தேழுக்குப் பிறகு, பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் துரைகள் வீடுகளைக் காலி செய்தார்கள். வாங்கியவர்கள் பல வீடுகளை இடித்தார்கள். பச்சைமுத்து இடிக்கிற காண்ட்ராக்டரிடம் கூலிக்குச் சேர்ந்தார். ஆணி பிடுங்குவது வேலை. நல்ல மரம் ஏலத்துக்குப் போகும். உடைந்த ஜன்னல், ஓட்டை விழுந்த கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாள், கீல், குமிழ் எல்லாம் மூலையில் குவியும். அவர் அந்தக் குவியலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதலில் ஒரு ஜன்னல் கதவு பெஞ்சு ஆயிற்று. அடுத்தது மாடிப்படிகள், அவை அலமாரி ஆயின. நாலைந்து வருஷத்தில் அதுவே தொழிலாகிவிட்டது.

அவர் மரத்தை இழைத்துப் புதிதாக்குவதில்லை. பெயிண்டைச் சுரண்டுவார். ஆணி ஓட்டைகளில் அரக்கையும் மரத்தூளையும் குழைத்து அடைப்பார். எண்ணெய் தேய்ப்பார். கதவு மேஜையானாலும் தாழ்ப்பாள் இருந்த தழும்பு மேலேயே தெரியும். முரட்டுச் சாமான்தான். ஆனால் ஆடாது.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டு மரத்துக்கு அதே வீட்டு இரும்பு. பழைய கீல் பழைய மரத்தில் தன் தழும்பிலேயே போய் உட்காரும். வேறு கீல் வைத்தால் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை விழும், மரம் விண்டுபோகும். காரணம் அவ்வளவுதான். ஆனால் வருஷம் ஆக ஆக அது பெருமையாகிவிட்டது. ஒவ்வொரு சாமானின் அடியிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அது வந்த வீட்டின் பெயரை எழுதினார். எழுதியபின் அதில் வேறு வீட்டு ஆணி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

இரும்பு முத்தம்மாவின் பொறுப்பு. மண்ணெண்ணெயில் ஊறவைப்பாள், செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பாள். பிறகு ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பானை வாங்குகிறவள்போலத் தட்டிக் கேட்பாள். நல்லது கணீரென்று பேசும். உள்ளே விரிசல் இருந்தால் பேசாது. "ஊமை" என்று சொல்லித் தகர டப்பாவில் வீசுவாள். அவள் வீசியதை அவர் திரும்ப எடுத்ததில்லை. ஒரு தடவை எடுத்தார்.

ஐம்பத்தேழில் ஆல்ட்ரிட்ஜ் துரையின் பங்களாவை இடித்தார்கள். அதன் கூடத்தில் பெரிய கண்ணாடி விளக்குகள் தொங்கிய இடத்தில் ஐந்து கொக்கிகள் இருந்தன. கட்டைவிரல் கனம். பச்சைமுத்து ஐந்தையும் கொண்டுவந்தார்.

அந்த வாரம் முத்தம்மா ஊரில் இல்லை. குடியாத்தத்தில் அவள் அக்கா செத்துப்போனாள். அப்போது லிங்கராஜபுரத்திலிருந்து ஹெர்பர்ட் என்று ரயில்வேயில் வேலை செய்கிறவர் வந்தார். அவர் மனைவி மௌரீனுக்கு இன்றோ நாளையோ பிரசவம். தொட்டில் வேண்டும். பச்சைமுத்து ஆல்ட்ரிட்ஜ் பங்களாவின் ஜன்னல் சட்டங்களில் இரண்டே நாளில் தொட்டில் செய்தார். ஐந்தில் ஒரு கொக்கியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு விட்டத்தில் மாட்டினார். முத்தம்மா திரும்பி வந்தபோது நாலு கொக்கிகள் இருந்தன.

அடுத்த மாதம் சேஷகிரி வந்தார். மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைமுத்துவின் கொட்டகையில் சாத்தியிருந்த இரட்டைக் கதவின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது ஆல்ட்ரிட்ஜோட ஆபீஸ் ரூம் கதவுதானே?"

"ஆமா சாமி. உள் ரூமு. பித்தளைக் குமிழ் வெச்சது."

"எங்கப்பா இதுக்கு வெளியில முப்பது வருஷம் நின்னார். குமாஸ்தா. கையில காகிதக் கட்டோட நிக்கணும். கூப்பிட்டாத்தான் உள்ள போகலாம். உள்ளயும் நின்னுண்டேதான். ஒரு நாள் உட்காருன்னு சொன்னதில்ல அந்த மனுஷன்."

பச்சைமுத்து கதவைத் துடைத்தார்.

"இதுல ஊஞ்சப் பலகை வருமாப்பா?"

"ரெண்டையும் சேத்தா ஜோரா வரும்."

"நான் இதுமேல உட்காரணும். அவ்வளவுதான்." சேஷகிரி சிரித்தார். "கொக்கி, சங்கிலி?"

"வாசல் கேட்டுச் சங்கிலி கீது. வெளக்குக் கொக்கி சரியா நாலு கீது. எல்லாம் அந்தப் பங்களாதுதான்."

"வேற எடத்துச் சாமான் ஒண்ணு சேர்ந்தாலும் எனக்கு வேண்டாம். சொல்லிட்டேன்."

"என் வேலையே அப்படித்தான் சாமி."

பலகை நன்றாக வந்தது. பச்சைமுத்து அதுவரை அவ்வளவு நல்ல பலகை செய்ததில்லை. கதவின் சாவித் துவாரத்தை அடைக்காமல் விட்டார். அடியில் ஆல்ட்ரிட்ஜ் என்று சுட்டு எழுதினார்.

அதன்பிறகுதான் முத்தம்மா கொக்கிகளைத் தட்டினாள். முதல் மூன்றும் பேசின. நாலாவதை இரண்டு தடவை தட்டினாள்.

"இது ஊமைய்யா."

"துரு ஒட்டிக்கினு இருக்கும்."

"துருவெல்லாம் போச்சு. நீயே கேளு."

அவர் தட்டினார். நாலும் அவருக்கு ஒன்றுபோலவே இருந்தன. எப்போதும் அப்படித்தான். "உன் காதுக்கு இன்னைக்கு எல்லாமே ஊமைதான் போ" என்றார்.

அவள் அதை டப்பாவில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். அவர் எடுத்தார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்கட்டியைத் தூளாக்கி மேலே பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஒரு ஈரக்கோடு கிளம்பியது. வளைவு தொடங்குகிற இடத்தில், மயிர் கனத்தில், பாதிச் சுற்று.

அந்தப் பங்களாவின் கொக்கி வேறு இல்லை. ஐந்தாவது லிங்கராஜபுரத்தில் இருந்தது. இன்னொரு பங்களாவின் கொக்கிகள் ஒரு கூடை நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றைப் போட்டிருக்கலாம். சேஷகிரிக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பலகையில் பெயர் எழுதியாகிவிட்டது. தனக்குத் தெரியுமே என்று நினைத்தார். நாலு சங்கிலியில் ஒன்றுதானே, மற்ற மூன்றும் தாங்கும் என்றும் நினைத்தார். அரக்கை உருக்கி, புகைக்கரி சேர்த்து, அந்தக் கோட்டில் ஓடவிட்டார். மரத்துக்குப் பத்து வருஷமாகச் செய்ததை முதல்முறை இரும்புக்குச் செய்தார்.

"நல்லா தேச்சதும் பேசுது" என்றார் முத்தம்மாவிடம். அவள் அவரைப் பார்த்தாள். திரும்பத் தட்டவில்லை. நாலுக்கும் கருப்பு எண்ணெய் பூசி ஒரே சாக்கில் போட்டாள்.

மல்லேஸ்வரத்தில் பக்கவாட்டு வழியாக அவரைக் கூடத்துக்கு விட்டார்கள். சுவரோரமாக இருக்கிற மூலையில் அந்தக் கொக்கியைப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். சாக்கைப் பிரித்தார். நாலும் ஒரே கருப்பு, ஒரே பளபளப்பு. நகத்தால் தடவிப் பார்த்தார். அரக்கு இரும்போடு இரும்பாக இருந்தது. எது என்று அவருக்கே தெரியவில்லை.

நாலையும் மாட்டினார்.

சேஷகிரி ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கால் தரையில் படவில்லை. "பிரமாதம்ப்பா" என்றார். பச்சைமுத்து கீழே நின்று கைகட்டிக்கொண்டு விட்டத்தையே பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒருவர் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, இருவர் உட்கார்ந்தால், வீசி ஆடினால் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை மல்லேஸ்வரம் வரை நடந்துபோய் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் சாதாரணமாகத்தான் கேட்டது.

ஒன்றரை மாதம் ஆயிற்று. சேஷகிரி வீட்டில் வேலை செய்கிற காந்தா ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு வந்தாள்.

"ஐயா வரச் சொன்னாரு. ஊஞ்சலுக்கு எண்ணெ போடணுமாம். வெள்ளிக்கெழம பாகீரதியம்மாவுக்கு வளைகாப்பு. ஜனம் வரும்."

பாகீரதி சேஷகிரியின் ஒரே மகள். பம்பாயிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைமுத்து போனபோது ஊஞ்சலில் இருந்தாள். ஏழு மாத வயிற்றின்மேல் ஒரு கை. மற்றக் கையின் விரல் சாவித் துவாரத்தில்.

"இது வழியாத்தான் தாத்தா வெளியில நிக்கறாரா ஓடிட்டாரான்னு அந்த துரை பாத்திருப்பானோ?" என்றாள்.

"தெரியலீங்கம்மா. கொஞ்சம் எறங்கறீங்களா, பாக்கணும்."

"நாலு நாளா ஒரு சத்தம் வர்றது. டிக் டிக்னு. மெல்லிசா. இதோ, கேளுங்கோ." காலால் உந்தினாள். ஊஞ்சல் முன்னால் போய் வந்தது. "கேக்கறதா?"

பச்சைமுத்து தலையைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பக்கூட வந்ததே. இதோ, திரும்ப."

"எறங்குங்கம்மா" என்றார். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அவள் இறங்கினாள்.

"எந்தப் பக்கம் கேக்குதும்மா?"

"மேலதான். எந்தப் பக்கம்னு சொல்லத் தெரியல."

சேஷகிரி உள்ளிருந்து வந்தார். பச்சைமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சாமி, ஊஞ்சலக் கழட்டி ஒரு நாலு நாள் எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு? நாளன்னிக்கு வளைகாப்பு. ஊஞ்சல் இல்லாம எப்படிப் பண்றது? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், அப்பா நின்ன கதவுல பேத்தி உட்காரப் போறான்னு."

"கொக்கிய ஒரு தரம் பாக்கணும்."

"கொக்கிக்கு என்ன? ஏதாவது கோளாறா?"

சொல்வதற்கு அதுதான் நேரம். பச்சைமுத்து வாயைத் திறந்தார். "இல்ல சாமி" என்று வந்தது.

"அப்ப எண்ணெய் போட்டுட்டுப் போ. பாகீ, எலை போட்டாச்சு, வா."

அவர்கள் சாப்பிடப் போனார்கள். பச்சைமுத்து ஏணியில் ஏறி ஒவ்வொரு கொக்கியையும் தட்டினார். முத்தம்மாவைக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. இனிப் போய்க் கூட்டி வருவதற்குள் பாகீரதி மறுபடியும் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்றும் தோன்றியது. அரக்கைத் தேடினார். அன்று அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார்.

இறங்கினார். ஏணியைச் சுவரோரம் சாத்தினார். கனத்தை ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அரிசி மூட்டை கேட்டால் எதற்கு என்பார்கள். கூடத்தில் யாரும் இல்லை. உள்ளே யாரோ மோர் கேட்டார்கள்.

பச்சைமுத்து ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள். கனம் போதாது. வேகத்தால்தான் ஈடு செய்ய முடியும். காலை உந்தினார். சுவரில் இருந்த சாமி படங்கள் கிட்டே வந்து விலகின. இன்னும் உந்தினார். சங்கிலிகள் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகின. மேலே பார்த்துக்கொண்டே ஆடினார்.

பாகீரதிதான் முதலில் கதவண்டை வந்தாள். பின்னாலேயே சேஷகிரி. வலது கையில் பருக்கை ஒட்டியிருந்தது.

"யாரு ஊஞ்சல்ல?" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எறங்குடா."

அதுவரை அவர் பச்சைமுத்துவை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கிட்ட வராதீங்க சாமி."

"என்னடா சொன்னே? என் வீட்டுல, என் ஊஞ்சல்ல உக்காந்துண்டு!" சேஷகிரி கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பாகீரதியும் ஓரடி வந்தாள்.

பச்சைமுத்து இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இன்னொரு தடவை உந்தினார்.

இந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது. வெளிப்பக்க மூலை சரிந்தது. பலகை கத்திபோலச் சாய்ந்து, விழுந்த அவருடைய இடுப்பில் இறங்கியது. அறுந்த சங்கிலி சுவரில் அடித்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. சேஷகிரி நின்ற இடத்துக்கு இன்னும் மூன்று முழம்தான் இருந்தது.

பாகீரதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தாள். தரையில் கிடந்த கொக்கித் துண்டை எடுத்து, உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தாள். பாதி சர்க்கரைபோல வெள்ளையாக மின்னியது. மற்றப் பாதி பழுப்பு. அதன் விளிம்பில் கருப்பாக ஒரு பொருக்கு. நகத்தால் அதைச் சுரண்டினாள். அது உதிர்ந்தது. பச்சைமுத்துவைப் பார்த்தாள்.

"உன்னை யாருடா உட்காரச் சொன்னா?" என்று சேஷகிரி கேட்டார்.

பச்சைமுத்துவால் எழ முடியவில்லை. கொக்கி விண்டிருந்தது, எனக்குத் தெரியும் என்று இரண்டு வார்த்தை. சொன்னால் பெங்களூரில் அவர் செய்த ஒவ்வொரு கட்டிலும் ஒவ்வொரு பெஞ்சும் சந்தேகத்துக்கு வரும்.

"ஆசையா இருந்திச்சு சாமி" என்றார். "ஒக்காந்துட்டேன்."

அந்தக் கதையே நிலைத்துவிட்டது. சேஷகிரி தெரிந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். வளைகாப்பு பாயில் நடந்தது. பச்சைமுத்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கிடந்தார். ஒரு கால் குட்டையாயிற்று. நீலசந்திராவில் குழாயடிக்கு முத்தம்மா போனால், "ஐயரு வீட்டுல உன் ஊட்டுக்காரரு ஊஞ்சல் ஆடினாராமே, பாட்டும் பாடினாரா?" என்று கேட்டார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். அவரிடம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

ஒரு மத்தியானம் காந்தா வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை முத்தம்மாவிடம் கொடுத்தாள்.

"பாகீரதியம்மா குடுத்தாங்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்குது. நாளைக்குப் பம்பாய்க்குக் கெளம்பறாங்க. இது அப்பா கண்ணுல படலன்னு சொல்லச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

காந்தா போனபின் முத்தம்மா தாளைப் பிரித்தாள். உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்பு, வெள்ளை, ஓரத்தில் மிச்சமிருந்த கருப்பு. முகர்ந்து பார்த்தாள். அரக்கு.

"ஊமைன்னு சொன்னேன்" என்றாள்.

கட்டிலில் கிடந்த அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதனாலதான் ஏறினியா?"

"அந்தப் பொண்ணு ஆடிக்கினு இருந்திச்சு மே. சத்தம் வருதுன்னு சொல்லிச்சு. எனக்குக் கேக்கல." கையால் காதைத் தொட்டார். "எனக்கு எப்பவுமே கேக்கல."

முத்தம்மா கொக்கியைத் தரையில் வைத்தாள். ஒரே கூடம், ஒரே விட்டம், ஒரே வருஷத்து இரும்பு. அவள் விரல் விட்டு எண்ணுவதுபோல இருந்தது. பிறகு கேட்டாள்.

"அஞ்சு இருந்திச்சே. லிங்கராஜபுரத்துக்குப் போனத யாரு தட்டினது?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

ஜட்கா பிடித்துப் போனார்கள். வழியில் முத்தம்மா வண்டிக்காரரிடம், "கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றாள். பச்சைமுத்து கையில் சுத்தியல் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தார்.

மௌரீன் கதவைத் திறந்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"இப்பதான் தூங்கினான். என்ன வேணும்? தொட்டில் ஃபைனா இருக்கு, ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல."

"ஒரே ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறோம்மா" என்றாள் முத்தம்மா.

தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆல்ட்ரிட்ஜ் பங்களாவின் ஜன்னல் சட்டங்கள். உள்ளே ஆறேழு மாதப் பையன், வாயைத் திறந்தபடி. பச்சைமுத்து ஒரு முக்காலியை இழுத்து, நல்ல காலை மேலே வைத்து, மற்றதைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முத்தம்மா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கொக்கியை ஒரு தட்டு தட்டினார். அவருக்கு அது எல்லா இரும்பையும்போலத்தான் கேட்டது.

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

முத்தம்மா அவரைப் பார்க்கவில்லை. மௌரீன் பக்கம் திரும்பினாள்.

"கொழந்தைய எடும்மா" என்றாள்.